கோலூன்றிய இளைஞனும் வாளேந்திய முதியவனும்

முருகனுடைய ஆறு திருத்தலங்களையும் தமிழ் மரபு படைவீடு என்றே வழங்கி வருகிறது. போருக்குச் செல்லும் தலைவன் தன் படையோடு தங்கும் பாசறைக்கு உரிய பெயரே அவனுடைய கோயில்களுக்கும் ஆகியிருக்கிறது. அவற்றுள் மூன்றாவதாக எண்ணப்படும் பழனியில் ஆண்டுதோறும் கந்த சஷ்டியின்போது அடிவாரத்துக் கிரிவீதிகளில் சூரசம்ஹாரம் நடைபெறுகிறது. தாரகன், சிங்கமுகன், சூரபத்மன் என்று அசுரர்களின் உருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலுக்கு இரையாக, கூடி நிற்கும் மக்கள் அரோகரா முழக்கமிடுகின்றனர். ஆனால் அதே மலையின் உச்சியில், கருவறையில் நிற்கும் மூலவரின் கோலம் முற்றிலும் வேறானது. கோவணம் உடுத்து, வலக்கையில் தண்டம் என்னும் கோலைப் பிடித்து, இடக்கையை இடுப்பில் வைத்து நிற்கும் அந்த இளைஞனைத் தண்டாயுதபாணி என்று முறையாகவும், பழனியாண்டி என்று உரிமையோடும் அடியார்கள் அழைக்கின்றனர்.

அடிவாரத்தில் போரிட்டு வெல்பவனும் உச்சியில் அனைத்தையும் விட்டு நிற்பவனும் ஒருவனே என்பதில் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. வெல்லும் ஆற்றல் சிறிதும் குன்றாத பருவத்தில், முதுமை வந்து கட்டாயப்படுத்துவதற்கு முன்பே, ஒருவன் படைக்கலத்தைக் கீழே வைப்பதற்கு என்ன பொருள்? கடந்த சில ஆண்டுகளாகத் தமிழகத்தில் பெருவெற்றி பெற்ற திரைப்படங்கள் இக்கேள்வியை அப்படியே தலைகீழாக்கிக் காட்டுகின்றன. பணியிலிருந்து ஓய்வு பெற்று, பேரப் பிள்ளைகளோடு காலம் கழிக்க வேண்டிய முதியவர், மீண்டும் துப்பாக்கியையும் அரிவாளையும் எடுப்பதையே அவருடைய ஆண்மையின் மீட்சியாக அவை கொண்டாடுகின்றன. கோலூன்றிய இளைஞனைத் தெய்வமாகக் கும்பிடும் ஒரு சமூகம் ஆயுதமேந்திய முதியவரைத் திரையில் கண்டு ஆர்ப்பரிப்பது ஏன் என்பது திரைப்பட ரசனை பற்றிய கேள்வி மட்டுமன்று. வீரம், முதுமை, துறவு ஆகிய மூன்றையும் அச்சமூகம் எவ்வாறு புரிந்துகொண்டிருக்கிறது என்பதைத் தொடும் கேள்வியும் ஆகும்.

துறவுக்கு வடமொழி அறநூல்கள் வகுத்த வரிசை ஒன்று உண்டு. மாணவனாக இருந்து கற்றல், இல்லறம், காட்டில் வாழ்தல், முற்றத் துறத்தல் என்னும் நான்கு நிலைகளை ஆசிரமங்கள் என்பர். இவற்றுள் மூன்றாவதான வானப்பிரஸ்தத்துக்கு உரிய காலத்தைக் குறிப்பிடும் மனுநூல், தோலில் திரையும் தலையில் நரையும் தோன்றி, மகனுக்கு ஒரு மகனும் பிறந்துவிட்டதைக் கண்ட பிறகு இல்லறத்தான் காட்டை நாடலாம் என்கிறது. பழனியின் இளந்துறவி இந்த வரிசைக்கு அடங்காதவன். ஞானப்பழம் அண்ணனுக்குப் போய்விட்டது என்ற சினத்தில், பெற்றோரையும் கயிலையையும் உதறிவிட்டுத் தெற்கே வந்து மலையேறி நின்றவன் என்றே அவனுடைய கதை சொல்லப்படுகிறது. இக்கதையில் சினம் மறைக்கப்படவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. உலகத்தையே மயில்மேல் ஏறி வலம் வந்தவன், வேலெடுத்தால் தடுக்க ஆளில்லாதவன், தன் சினத்தை எவர் மீதும் ஏவாமல் தன்னை மட்டும் பெயர்த்துக்கொண்டு போகிறான். திருக்குறளின் வெகுளாமை அதிகாரமும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. தன் சினம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குவதே அடக்கம் எனப்படும், பலிக்காத இடத்தில் அடக்கினாலும் அடக்காவிட்டாலும் வேறுபாடு ஏதுமில்லை என்பது அதன் கருத்து. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், உடல் தளர்ந்தபின் ஆயுதத்தை வைப்பதில் பெருமை ஒன்றுமில்லை. கை வலுவாக இருக்கும்போதே வைப்பதுதான் துறவு.

அந்த மலையில் வன்முறையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அகத்தியரின் கட்டளைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளையும் தோளில் சுமந்து தெற்கே வந்த இடும்பன், களைப்பாற அவற்றை ஆவினன்குடியில் இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க முயன்றபோது குன்று அசையவில்லை. உச்சியில் கோலோடு நின்ற சிறுவன் மலை தனக்கு உரியது என்றான். சண்டை மூண்டு இடும்பன் மாண்டான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. இடும்பனின் மனைவியும் அகத்தியரும் வேண்டிக்கொள்ள, மாண்டவன் உயிர் பெற்றான். மலைக்குக் காவலனாக நிற்கவும், தன்னைப்போல் தோளில் சுமை கட்டி வருவோர் அருள் பெறவும் வரம் கேட்டான். காவடி என்னும் வழிபாட்டின் தொடக்கக் கதை இதுதான். இன்றும் படியேறுவோர் வழியில் இடும்பன் சன்னதியில் வணங்கிய பிறகே மேலே செல்கின்றனர். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்திலும் சூரபத்மன் அழிந்து மறைவதில்லை. இரு கூறாகி மயிலும் சேவலுமாக மாறி, ஊர்தியாகவும் கொடியாகவும் வென்றவனுடனேயே இருக்கிறான். பகைவனைக் கொன்றதோடு கதையை முடிக்காமல், கொல்லப்பட்டவனுக்கு ஓர் இடம் தேடித் தருவதை இந்த மரபு தன் கடமையாகக் கொண்டிருக்கிறது. அந்த இடம் எத்தகையது, அது அவனுக்குப் போதுமா என்பது தனியே எண்ண வேண்டிய செய்தி.

புராணத்துக்கும் முந்திய சங்கப் பாடல்களில் இதே நிலப்பகுதி பொதினி என்ற பெயரோடு ஆவியர் குடித் தலைவர்களின் நாடாக வருகிறது. அக்குடியின் வையாவிக் கோப்பெரும் பேகன் போர்த் தலைவனே ஆயினும், அவன் பெயர் நிலைத்தது எந்தப் போர் வெற்றியாலும் அன்று. மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்த மனநெகிழ்ச்சியாலேயே. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் தங்கியபோது, கபிலரும் பரணரும் உள்ளிட்ட புலவர்கள் அவனிடம் சென்று, பரிசில் வேண்டாம், அவளிடம் திரும்பிச் செல் என்று பாடினார்கள். பறவையிடம் காட்டிய இரக்கத்தை வீட்டிலிருந்த பெண்ணிடம் காட்டத் தவறிய ஆண்மகனை, பரிசில் பெற்று வாழ்ந்த புலவர்களே கண்டித்தார்கள் என்பது, ஆண்மையின் அளவுகோல் அன்றே போர்க்களத்துக்கு வெளியிலும் வைக்கப்பட்டிருந்தது என்பதற்குச் சான்று. புறநானூற்றில் முதுமையைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார், கோலூன்றி இருமலுக்கிடையே பேசும் ஒரு கிழவனை நம் முன் நிறுத்துகிறார். அவன் நினைத்து ஏங்குவது தான் வெட்டிய தலைகளை அன்று, பெண்களோடு கைகோத்து ஆடிய நாள்களையும், கரையிலிருந்தோர் வியக்க ஆற்று மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்த சிறுவனையுமே. இழந்துபோன ஆற்றலை எண்ணி அவன் வருந்துகிறான். ஆனால் அதை மீட்டெடுக்க யாரையும் அடிக்கக் கிளம்பவில்லை.

முதுமையை வெல்லும் வேட்கை பழனிக்குப் புதியதன்று. மூலவரின் திருமேனியை ஒன்பது வகைப் பாடாணங்களைக் கட்டிப் போகர் என்னும் சித்தர் உருவாக்கினார் என்பது மரபு. அவருடைய சமாதி மலைக்கோயிலிலேயே உள்ளது. சித்தர்கள் தேடிய காயகற்பம், அதாவது உடலை நரை திரை அண்டாமல் காக்கும் முறை, நஞ்சையே மருந்தாக மாற்றும் துணிவின்மேல் எழுந்தது. ஆயினும் என்றும் இளையவனாகிய அந்தத் தெய்வத்தின் திருமேனியே நூற்றாண்டுக் கணக்கான திருமுழுக்கால் தேய்ந்திருக்கிறது. பாலும் பன்னீரும் பஞ்சாமிர்தமும் சொரிந்த கைகள் அனைத்தும் அன்பின் கைகள். இராக்காலத்தில் சாத்திய சந்தனத்தைக் காலையில் வாங்கக் காத்திருப்போரும் அன்பர்களே. அன்பே உருவத்தைத் தேய்க்கிறது என்றால், தேய்வு இழிவன்று என்றாகிறது. உருவம் தேய்ந்ததால் அதன் முன் நிற்கும் கூட்டம் குறையவில்லை. கந்தபுராணத்தின் வள்ளியம்மை திருமணப் பகுதியிலோ இந்த இளையவன் தானாக விரும்பி நரைத்த கிழவனாக வேடம் பூண்டு தினைப்புனத்துக்கு வருகிறான். முதுமையை அணியாகவே தரித்துக்கொள்ளும் அளவுக்கு அவனுக்கு அதைப் பற்றி அச்சமில்லை.

இந்த மரபின் மடியிலிருந்தே தமிழ்த் திரையுலகின் சண்டைப் படங்கள் பலவும் பிறந்தன என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். உடற்பயிற்சி வீரராக வாழ்க்கையைத் தொடங்கி, சாண்டோ என்ற பட்டத்தைப் பெயரோடு சேர்த்துக்கொண்ட சின்னப்பா தேவர், 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த தாய்க்குப் பின் தாரம் படத்தின் மூலம் தயாரிப்பாளரானார். சிலம்பும் கைகலப்பும் விலங்குகளோடு மோதலும் அவருடைய படங்களின் அடையாளங்கள். அவரே தீவிர முருக பக்தர். தம் வருவாயில் ஒரு பகுதியை முருகன் கோயில்களுக்கு அளித்தவர். பக்திப் படங்களுக்காகத் தண்டாயுதபாணி பிலிம்ஸ் என்று இன்னொரு நிறுவனத்தையும் நடத்தி, துணைவன் (1969), தெய்வம் (1972) போன்றவற்றை எடுத்தார். சண்டைக்கு ஒரு நிறுவனமும், கோலேந்திய ஆண்டிக்கு இன்னொரு நிறுவனமுமாக ஒரே மனிதர் இரண்டையும் நம்பி நடத்தியதில் முரண் இல்லை என்றே கொள்ள வேண்டும். அடிவாரமும் உச்சியும் ஒரே மலையில் இருப்பதை அவர் அறிந்திருந்தார்.

அவருடைய நாயகர் எம்.ஜி.ஆர். திரையில் முதுமை அடைய மறுத்தவர். 1917இல் பிறந்த அவர், 1977இல் முதலமைச்சராகும்வரை இளம்பெண்களைக் காதலிக்கும் வாலிபராகவே தோன்றினார்; 1967 ஜனவரியில் எம்.ஆர். ராதா சுட்டதில் தொண்டையில் குண்டு பாய்ந்து குரல் மாறிய பின்பும் அந்த இளமைக்குக் குறை வந்ததாக ரசிகர்கள் கருதவில்லை. அது ஒரு தலைவரிடம் மக்கள் வைத்த நம்பிக்கையின் வடிவம். அதில் வாழ்வின் பருவங்கள் பற்றிய சிந்தனைக்கு இடமிருக்கவில்லை. சிவாஜி கணேசனின் பாதை வேறு. 1985இல் வெளிவந்த பாரதிராஜாவின் முதல் மரியாதை, பழனி மலைத்தொடருக்குத் தெற்கே தேனிச் சீமையில் பிறந்த ஓர் இயக்குநர், தம் ஐம்பதுகளின் நடுவிலிருந்த ஒரு நடிகரை அவருடைய வயதுக்கு ஏற்பவே நிறுத்தி எடுத்த படம். ஊர்ப் பெரியவரான மலைச்சாமி, இளைஞர்கள் தங்கள் வலிமையைக் காட்டத் தூக்கும் இளவட்டக்கல்லைத் தூக்கும் காட்சி அதில் உண்டு. அக்கல்லால் அவர் யாரையும் தாக்கப் போவதில்லை, பந்தயப் பணமும் இல்லை. தன்னுள் இன்னும் ஏதோ மிஞ்சியிருக்கிறதா என்று ஒரு மனிதர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. ஊரில் நடந்த ஒரு கொலையைச் செய்தவன் தம் மருமகனே என்று தெரிந்தபோது, அவனை வெட்டிச் சாய்க்காமல் சட்டத்தின் கையில் ஒப்படைக்கிறார். படத்தில் அவருடைய மானத்தைக் காக்க வேறொரு கொலை செய்து சிறை செல்பவள் குயில் என்னும் இளம்பெண்ணே என்பதையும் மறக்கக் கூடாது. முதியவரின் கை கறைபடாமலிருக்க, அக்கறையை ஒரு பெண் சுமக்க நேர்ந்திருக்கிறது.

அந்தக் காலப் படங்களில் வன்முறையால் எழுந்த ஆண்கள் முதுமையில் அதற்குக் கணக்குத் தீர்த்தார்கள். மணிரத்னத்தின் நாயகன் (1987) படத்தில், நீதிமன்றம் விடுவித்த வேலு நாயக்கரை, அவர் முன்பு கொன்ற காவலரின் மகன், அவராலேயே பராமரிக்கப்பட்டவன், சுட்டு வீழ்த்துகிறான். பரதன் இயக்கிக் கமல்ஹாசன் எழுதிய தேவர் மகன் (1992) படத்தில் சிவாஜி ஏற்ற பெரிய தேவர், ஊரின் பகையைத் தடுக்க முயன்று தோற்று மடிகிறார். நகரத்தில் படித்துத் திரும்பிய மகன் சக்திவேல் மீசையை வளர்த்துத் தந்தையின் இடத்தில் அமர்கிறான். கடைசியில், எந்த வன்முறையை வெறுத்தானோ அதற்கே ஆளாகிப் பகைவனின் தலையை வெட்டிவிட்டு, அரிவாள்களைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லிச் சிறைக்குப் போகிறான். மீசை அங்கே ஒரு பதவிச் சின்னம். பழனி அடிவாரத்தில் முடிக்காணிக்கை செலுத்த அமர்ந்திருக்கும் ஆண்களைப் பார்ப்போருக்கு இந்த மீசையின் நினைவு வராமலிராது: தண்ணீர் தெளித்து நனைத்த தலையில் சவரக்கத்தி இறங்கியதும் கருமுடியும் நரைமுடியும் ஒரே தரையில் விழுகின்றன, வேண்டுதல் செய்தவர் பலர் மீசையையும் சேர்த்தே மழிக்கச் சொல்கின்றனர், மழித்த தலையில் சந்தனம் பூசியதும் ஊர்த் தலைவரையும் கூலியாளையும் தலையைப் பார்த்துப் பிரித்தறிய முடிவதில்லை. சக்திவேல் தந்தையின் இடத்தில் அமர எதை வளர்த்தானோ, அதை மனமுவந்து மழித்துவிட்டு மலையேறும் பழக்கம் அதே சமூகத்திடம் இருக்கிறது.

இங்கே ஒரு திருப்பம் நேர்ந்திருக்கிறது. நாயகனில் கிழவராக நடித்தபோது கமல்ஹாசனுக்கு வயது முப்பத்திரண்டு. இந்தியன் (1996) படத்தில் வர்மக்கலையால் ஊழல்காரரைக் கொல்லும் தொண்டு கிழவர் சேனாபதியாக நடித்தபோது நாற்பத்தொன்று. இளைய நடிகர் முதுமையை ஒப்பனையாகப் பூசிக்கொண்ட காலம் அது. இன்று முதிய நடிகர்களின் முகத்தில் கணினி இளமையைப் பூசுகிறது. 2022இல் விக்ரம், 2023இல் ஜெயிலர், 2024இல் தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம் என்று அடுத்தடுத்து வந்த மூன்று பெருவெற்றிப் படங்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் இத்திருப்பத்தின் ஆழம் புலப்படும். விக்ரமில் மகனைப் பறிகொடுத்த முதியவர் பேரனைக் காக்க ஆயுதம் எடுக்கிறார். ஜெயிலரில் எழுபத்திரண்டு வயது ரஜினிகாந்த் ஏற்ற முத்துவேல் பாண்டியன், பேரனோடு விளையாடும் ஓய்வுபெற்ற சிறை அதிகாரி. நேர்மையான காவல் அதிகாரி என்று நம்பிய மகன் தவறானவன் எனத் தெரிந்து, சரணடைய வாய்ப்பளித்து, அவன் மறுத்ததும் தம் ஆட்களின் குண்டுக்கு அவனைப் பலியாக விடுகிறார். மூன்றாவது படத்தில் நடிகர் விஜய் தந்தையாகவும், கணினியால் இளமையாக்கப்பட்ட முகத்தோடு மகனாகவும் வருகிறார். தந்தை மகனைக் கொல்வதோடு மோதல் முடிகிறது.

மனுநூல் எந்த வேளையில் காட்டுக்குப் போகலாம் என்றதோ, அதே வேளையில், பேரன் முகம் கண்ட பிறகு, இவற்றுள் முதலிரு படங்களின் தந்தையர் துப்பாக்கியைத் தேடி எடுக்கின்றனர். முன்பு தந்தை மாண்டு மகன் சுமையை ஏற்றான். இப்போது தந்தை நிலைத்து நிற்க மகன் மடிகிறான். இளமையை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒரு தலைமுறை, தன் இடத்துக்கு வர வேண்டியவனைக் கதைக்குள் கொன்றுவிட்டு அதற்கு நீதி என்று பெயரிடுகிறது என்று இதைக் கடுமையாகச் சொல்வதில் தவறில்லை. சுவாமிமலையில் மகன் குருவாக இருக்கத் தந்தை வாய்பொத்திக் கேட்கிறார். பழனியில் சினந்து போன மகனைத் தேடிப் பெற்றோரே மலையேறி வருகின்றனர். இந்த இரண்டு கதைகளையும் பாலோடு சேர்த்துப் புகட்டிய சமூகம் மகனைக் கொல்லும் தந்தைக்குக் கைதட்டுவது வருத்தம் தருவது. கொடுத்த பதவியை மனத்தால் விடாத முதியவரின் கேட்டை அகிரா குரோசவா தம் ரான் (1985) படத்தில் காட்டினார்; ஆட்சியை மகனிடம் தந்தாலும் தலைவர் என்ற பெயரை விடாத ஹிடெடோரா, தாம் இளமையில் எரித்த ஊர்களின் சாம்பல் தம் மீதே வந்து விழக் காண்கிறார். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் அன்ஃபர்கிவன் (1992) படத்தின் முதிய துப்பாக்கி வீரன் மீண்டும் கொலையாளியாவதை அப்படம் வெற்றியாகக் கொண்டாடவில்லை. ஆயுதத்துக்குத் திரும்பும் முதியவரைக் காட்டுவதே குற்றம் என்பதன்று இவ்விவாதத்தின் சாரம். அதை முதுமையின் நோய் தீர்ந்ததாகக் காட்டுவதே கேடானது.

பெண்ணின் முதுமை இம்மரபில் எவ்வாறு கருதப்பட்டது என்பதையும் இங்கே நோக்க வேண்டும். திருமணத்துக்கு வற்புறுத்தப்பட்ட இளம்பெண்ணாகிய ஔவை, விநாயகரிடம் வேண்டி முதுமையைக் கேட்டுப் பெற்றாள் என்பது நெடுங்காலமாக வழங்கும் கதை. ஜெமினி நிறுவனம் 1953இல் கே.பி. சுந்தராம்பாளை நடிக்கவைத்து எடுத்த ஔவையார் படத்திலும் அது இடம்பெற்றது. ஆண் அஞ்சி ஓடும் முதுமையை, நடமாடவும் மன்னர் அவையில் பேசவும் தனக்குக் கிடைத்த உரிமையாக அவள் ஏற்றுக்கொண்டாள். ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடல் (1965) படத்தில் சினந்து மலையேறிய பாலமுருகனிடம் முதலில் வாதிட வருபவரும் சுந்தராம்பாள் ஏற்ற அந்த ஔவையே. உலகை வென்ற சிறுவனிடம் ஆயுதமோ அதிகாரமோ இல்லாத ஒரு கிழவி நின்று நேருக்குநேர் பேசுகிறார். படத்தின் பிற திருவிளையாடல்கள் எல்லாம் அச்சிறுவனின் சினத்தை ஆற்றத் தாய் சொல்லும் கதைகளாக விரிகின்றன. சினம் கொண்ட ஆணை அடக்க வலிமையான இன்னோர் ஆண் தேவையில்லை என்பதை அறுபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்த் திரை எளிதாகச் சொல்லிவிட்டது.

பழனியிலிருந்து மலைமேல் ஏறினால் கொடைக்கானல். இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து இந்து சமயத்தைத் தழுவிய லீலாவதி அம்மையார் 1936இல் அங்கே எழுப்பிய குறிஞ்சியாண்டவர் கோயிலிலிருந்து, வானம் தெளிந்த நாளில் பழனி மலைக்கோயில் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, பூத்து விதை முதிர்ந்ததும் மடிந்துவிடும் செடி. முதுமையே இல்லாத தெய்வத்துக்கு முதிர்ச்சியே முடிவாக உள்ள பூவைச் சூட்டியிருக்கிறது இந்த மலை.

அதே ஊரில், ஆங்கிலேயர் சாத்தானின் சமையலறை என்று பெயரிட்ட பாறைப் பிளவுகளில் சந்தானபாரதி இயக்கிய குணா 1991இல் படமாக்கப்பட்டது. அப்பிளவுகளுக்கும் குணா குகை என்றே பெயராகிவிட்டது. தான் தெய்வமாக எண்ணும் பெண்ணைக் கடத்தி மலையில் ஒளித்து வைக்கும் மனம் பிறழ்ந்த ஒருவனின் கதை அது. அவனுடைய அன்பு தூய்மையானது என்று எவ்வளவு சொன்னாலும், கடத்தல் கடத்தல்தான்; அப்பெண்ணின் அச்சத்தைப் படம் மறைக்காததே அதன் நேர்மை. அவள் உடலைச் சுமந்தபடி பள்ளத்தில் பாயும் குணாவுக்கு முதுமை என்பதே வாய்க்கவில்லை. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 2024இல், சிதம்பரம் இயக்கிய மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் அதே குகைக்குத் திரும்பி வந்தது. கொச்சிக்கு அருகிலுள்ள மஞ்ஞும்மலிலிருந்து 2006இல் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் பிளவில் விழுந்துவிட, இன்னொருவர் கயிற்றில் இறங்கி மீட்ட உண்மை நிகழ்ச்சியே அதன் கதை. ஊரில் வடம் இழுக்கும் போட்டிக் குழுவினரான அவ்விளைஞர்கள், எதிரணியை மண்ணில் சாய்க்கப் பழகிய அதே கைகளாலும் கால்களாலும், நண்பனும் மீட்கப் போனவனும் தொங்கும் கயிற்றை இழுக்கின்றனர். உதவி கேட்டு ஓடியவர்களைக் காவலர்கள் அடிப்பதையும் படம் காட்டுகிறது. அடிப்பவர்களிடம் இருந்ததும் வலிமை, கயிற்றை இழுத்தவர்களிடம் இருந்ததும் வலிமை. பகைவன் ஒருவன்கூட இல்லாமல் ஆண்களின் வலிமையை முழுமையாகப் பயன்படுத்திய படம் ஒன்று வணிக வெற்றி பெற முடியும் என்பதைத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளும் அந்த ஆண்டில் கண்டன.

எனினும், ஆயுதத்தை வைப்பதே உயர்ந்த வீரம் என்று முடித்துவிட்டால் ஒரு பெரிய அநீதி மறைந்துபோகும். வைப்பதற்கு முதலில் ஒருவனிடம் ஆயுதம் இருந்திருக்க வேண்டும்; அடித்தால் திருப்பி அடிக்கலாம் என்ற உரிமையே மறுக்கப்பட்டவனின் பொறுமையைத் துறவு என்று போற்றுவது அவனை இன்னொரு முறை அடிப்பதாகும். வள்ளுவர் சொன்ன அடக்கம், சினம் பலிக்கும் இடத்தில் நிற்பவனுக்கு உரியது. பலிக்கவிடாமல் தடுக்கப்பட்டவனுக்கு உரிய அறம் எது என்பதை அவ்வளவுகோல் கூறவில்லை. தேவர் மகனில் வடிவேலு ஏற்ற இசக்கி, சக்திவேல் சொன்னதற்காகப் பூட்டிக் கிடந்த கோயிலின் பூட்டை உடைக்கிறான். அதற்குத் தண்டனையாக அவனுடைய கை வெட்டப்படுகிறது. கடைசியில் அரிவாளைக் கீழே போடச் சொல்லும் நாயகனின் சொல் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், அது அரிவாள் வைத்திருந்தவர்களை நோக்கிச் சொல்லப்பட்டது. இசக்கியிடம் போடுவதற்கு எதுவும் இல்லை. இடும்பன் பெற்ற இடத்தையும் இந்த வெளிச்சத்தில் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாண்டவனை எழுப்பி முதல் வணக்கத்தை அவனுக்கு உரித்தாக்கியது கருணையே. ஆயினும் மலையைச் சுமந்து வந்தவனுக்குக் கிடைத்தது வாயிற்காவல்.

இசக்கியின் பின்கதையை எண்ணியே மாமன்னன் (2023) படத்தை எடுத்ததாக மாரி செல்வராஜ் கூறியிருக்கிறார். அதே வடிவேலு, அறுபது வயதைத் தாண்டிய பிறகு, சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் சாதித் தலைவன் முன் நாற்காலியில் அமராமல் நின்றே பழகிய தந்தையாக வருகிறார். அவரை உட்காரச் சொல்லி வெகுள்பவன் மகன். இங்கே தந்தை மகனைக் கொல்லவில்லை, மகனுக்காக மாளவும் இல்லை. மகன் சொன்னதைக் கேட்டு, வாழ்நாள் முழுதும் விழுங்கிய சினத்தை முதன்முறையாக வெளியே எடுக்கிறார். இந்த முதியவர் சினம் கொள்வது துறவுக்கு எதிரானதன்று, அதற்கு முந்திய படி. அவர் முதலில் தன் வலிமையை உரிமையாகப் பெற்றாக வேண்டும். படத்தின் இறுதியில் அவர் சட்டமன்றத்தின் சபாநாயகராகிறார். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் எவ்வளவு உரக்கப் பேசினாலும், யார் எப்போது எழ வேண்டும், எப்போது அமர வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு அந்த நாற்காலிக்கு உரியது.